பகலில் எரியும் விளக்குக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணே, என் கார் 2018 மாடல், கீழ் வேரியன்ட். டி.ஆர்.எல்., அதாவது பகலில் தானாக எரியும் முன் விளக்கு, கிடையாது. பம்பரில் ஃபாக் லைட் வரவேண்டிய குழியில் ஒரு ஜோடி எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். கடையில் பார்க் லைட் வயரோடு சேர்த்து முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். பார்க் போட்டால்தான் எரிகிறது. சாவி போட்டால் பகலில் தானாக எரிய வேண்டும், ஹெட்லைட் போட்டால் அணைய வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக எடுத்து ஒரு கன்ட்ரோலர் டப்பா வைத்தால் போதும் என்கிறார்கள். நான் இருப்பது சென்னை. வண்டி மாதத்தில் இருபது நாள் ஊர் வீட்டில் சும்மாதான் நிற்கும். என்ன செய்யலாம்?"

தம்பி, கேள்வி முழுவதையும் விட அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வண்டி இருபது நாள் சும்மா நிற்கும் என்றீர்களே, அது. தினம் ஓடுகிற வண்டியில் வயரிங்கில் சின்னத் தப்பு இருந்தால் தெரியவே தெரியாது. டைனமோ அன்றன்றைக்கு ஈடுகட்டிவிடும். நம் பக்கத்து வண்டிகள் அப்படி இல்லை. பாதிப்பேர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருகிறபோதுதான் சாவியைத் தேடுகிறார்கள். அப்போது செல்ஃப் எடுக்காது. பேட்டரி கம்பெனியைத் திட்டுவார்கள். திட்ட வேண்டியது ஆறு மாதம் முன்பு விளக்கு மாட்டினவனை.

மாட்டினவன் நானாகவே ஒரு தடவை இருந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு வண்டிக்கு இதே வேலை செய்தேன். விளக்குக்கு வேண்டிய கரண்டைச் சாவிக்குக் கட்டுப்பட்ட லைனிலிருந்துதான் எடுத்தேன், அதில் தப்பில்லை. ஆனால் விளக்கைப் போட்டு அணைக்கிற மின் ஸ்விட்சான ரிலேயில், அதை இழுக்கிற காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) வேறொரு ஃபியூஸில் தட்டினேன், அதாவது கிளை எடுத்தேன். சாவி போட்டு டெஸ்ட் லாம்ப் வைத்தேன், எரிந்தது, முடித்துவிட்டேன். சாவியை எடுத்துவிட்டு வைத்துப் பார்க்கவில்லை. அது எந்நேரமும் உயிரோடு இருக்கிற ஃபியூஸ். சாவி எடுத்தால் விளக்கு அணைந்துவிடும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே ரிலே மட்டும் ராப்பகலாக இழுத்துப் பிடித்தபடி கிடக்கும். கார் ரிலே காயில் ஒன்று ஏறக்குறைய 0.15 ஆம்பியர் எடுக்கும். இருபத்துநாலு மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர்-அவர். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்று வையுங்கள். பாதி இறங்கினாலே செல்ஃப் முனகும், அதற்கு ஐந்தாறு நாள் போதும். பத்து நாளில் ஒன்றும் மிஞ்சாது. மூன்று வாரம் கழித்து அந்த வீட்டு ஆச்சி ஆள் அனுப்பினார்கள். போய் ரிலேயைத் தொட்டபோது சூடு இல்லை. சூடேற பேட்டரியில் கரண்டே இல்லை.

அதனால் எந்த விளக்கு, எத்தனை வாட், என்ன பிராண்ட் என்பதெல்லாம் இரண்டாவது. எங்கிருந்து கரண்ட் எடுக்கிறோம், சாவி எடுத்த பின் அந்த இடம் செத்துப்போகிறதா என்பதுதான் முதல் வேலை.

உங்களுக்கு நான் சொல்வது கன்ட்ரோலர் டப்பா இல்லாத வழி. ஒரே ஒரு ஐந்து கால் ரிலே போதும். ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும்: 30, 85, 86, 87, 87ஏ. 85-ம் 86-ம் காயில். 30 பொதுக் கால். காயிலுக்குக் கரண்ட் வராதபோது 30 போய் 87ஏ-யைத் தொட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் வந்தால் அதை விட்டுவிட்டு 87-க்குத் தாவும். நான்கு கால் ரிலேயில் 87ஏ இருக்காது, கடையில் அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டு கால்களிலும் 87 என்றே போட்ட ஐந்து கால் ரிலேயும் உண்டு. அதுவும் ஆகாது, எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இனி இணைப்பு. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு ஃபியூஸிலிருந்து வயர் எடுத்து 30-க்கு. 87ஏ-யிலிருந்து இரண்டு விளக்குகளின் பிளஸ்ஸுக்கு. விளக்குகளின் மைனஸ் பாடி எர்த்துக்கு. பார்க் லைட்டின் பிளஸ் வயரிலிருந்து ஒரு கிளை 86-க்கு. 85 எர்த்துக்கு. அவ்வளவுதான். சாவி போட்டதும் 30-லிருந்து 87ஏ வழியாக விளக்கு எரியும். ரிலே அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறது. ஹெட்லைட் போட ஸ்விட்சைத் திருகினால் முதலில் பார்க் வரும், ரிலே இழுக்கும், 87ஏ விடுபடும், விளக்கு அணையும். சாவியை எடுத்தால் 30-க்கு வரும் கரண்டே நின்றுவிடும். வண்டி நிற்கிற இருபது நாளும் இந்தச் சர்க்யூட்டில் ஒரு மில்லி ஆம்பியர்கூட ஓடாது. நான் அன்றைக்குச் செய்த தப்பைச் செய்ய இதில் இடமே இல்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

87 சும்மா நிற்கும். ஆனால் பார்க் போட்டபோது அதிலும் உயிர் வரும் என்பதால் அதன் மேல் ஒரு ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு உள்ளேயே வைத்த ரிலே கிடைத்தால் நல்லது, காயில் விடுபடும்போது திருப்பி அடிக்கும் வோல்டேஜை அது விழுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட ரிலேயில் 86 பிளஸ், 85 எர்த் என்பதை மாற்றக் கூடாது. மாற்றினால் டையோடு வழியாக ஷார்ட் ஆகும்.

அணைப்பதற்கு ஹெட்லைட் வயரில் தட்டாமல் பார்க் வயரில் ஏன் தட்டச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். சில வண்டிகளில், குறிப்பாக ஜப்பான் வழி வந்த வயரிங்கில், எச்4 ஹெட்லைட் பல்புக்குப் பிளஸ் பொதுவாக வந்து நிற்கும், ஸ்விட்ச் வெட்டுவது எர்த்தை. அங்கே போய் டிம் வயரைத் தட்டி 86-க்குக் கொடுத்தால் ரிலே தலைகீழாக வேலை செய்யும், மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்வார். பார்க் லைட் பெரும்பாலும் நேரான பிளஸ் லைன், குழப்பம் இல்லை. இரண்டாவது, முன்னால் போகிற பஸ்ஸுக்கு டிப் அடித்துக் காட்டும்போது விளக்கு அணைந்து அணைந்து வராது. ஐரோப்பிய விதியிலும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: ஹெட்லைட் எரிந்தால் டி.ஆர்.எல். தானாக அணைய வேண்டும், கண நேரம் டிப் அடிப்பதற்கு மட்டும் விலக்கு.

ஃபியூஸ் தேர்வு. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற பெட்டியில் வைப்பர் ஃபியூஸைப் பாருங்கள், பல வண்டிகளில் அது சாவிக்குக் கட்டுப்பட்டது. ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்கள் பக்கமே போகாதீர்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, சாவி போட்டு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை, அரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். அந்த மூன்றாவது தடவையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். இப்போதைய வண்டிகளில் பாடி கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சாவி எடுத்த பிறகும் சில லைன்களைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருந்து மெதுவாகத்தான் தூங்கப் போகும். டெஸ்ட் லாம்பை அதன் வயர்களில் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். பழைய அம்பாசடருக்கு அது சரி, கம்ப்யூட்டர் வண்டிக்கு மீட்டர்தான்.

ஃபியூஸிலிருந்து கிளை எடுக்க வயரைச் சுரண்டி முறுக்காதீர்கள். கிளை எடுக்கவென்றே ஃபியூஸ் டேப் என்று ஒரு செருகி விற்கிறது. பழைய ஃபியூஸ் அதிலேயே ஒரு தட்டில் உட்காரும், புதியது இன்னொரு தட்டில். உங்கள் வண்டி ஃபியூஸ் மினியா, மைக்ரோவா பார்த்து வாங்குங்கள், அளவு மாறினால் பெட்டியின் கிளிப் விரிந்து வேறு தொல்லை வரும். டேப்பை மாட்டுவதில் திசை உண்டு. பழைய ஃபியூஸை உருவிவிட்டுச் சாவி போட்டு மீட்டரில் பார்த்தால், இரண்டு பிளவில் ஒன்றில்தான் 12 வோல்ட் காட்டும். டேப்பின் இரண்டு தட்டுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். திருப்பி மாட்டினாலும் விளக்கு எரியும், ஆனால் இரண்டு லோடும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும்.

புது ஃபியூஸ் எவ்வளவு? ஒரு ஜோடி எல்.இ.டி. 12 வாட் என்றால் ஓடுகிற வண்டியின் 13.8 வோல்ட்டில் 0.9 ஆம்பியர்கூட இல்லை. 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். பெட்டியில் கிடந்தது என்று 15 போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய வயர் உரசி ஷார்ட் ஆனால் 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகுவதற்கு முன்பு வயர் கருகிவிடும். ஃபியூஸ் காப்பது விளக்கை இல்லை, வயரை. வயர் 0.75 சதுர மில்லிமீட்டர் போதும், எஞ்சின் அறைக்கென்று வரும் சூடு தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

பேட்டரியில் நேராக மாட்டும் அந்தக் கன்ட்ரோலர் டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் அதைத்தான் தள்ளுவார்கள். அது சாவியைப் பார்ப்பதில்லை, வோல்டேஜை மோப்பம் பிடிக்கிறது. நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் இருக்கும், எஞ்சின் ஓடினால் 13.8 முதல் 14.4 வரை ஏறும். 13-ஐத் தாண்டினால் எஞ்சின் ஓடுகிறது என்று டப்பா முடிவு செய்து விளக்கைப் போடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மைலேஜுக்காக டைனமோவை அவ்வப்போது தளர்த்தி ஓட்டுகிற புது வண்டிகளில் ஓடும்போதே வோல்டேஜ் இறங்கும். திருமயம் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்து எரிந்து அணையும். எதிரே வருபவர் நீங்கள் என்னமோ சைகை காட்டுவதாக நினைப்பார். இன்னொன்று, எஞ்சினை அணைத்த பிறகும் டப்பா விழித்துக்கொண்டே இருக்கும். 15 மில்லி ஆம்பியர்தான் எடுக்கிறது என்று வைத்தாலும் மாதத்துக்கு 10.8 ஆம்பியர்-அவர். வண்டியின் சொந்த கம்ப்யூட்டரும் அலாரமும் எடுப்பது தனி. தினம் ஓடும் பழைய மாடல் வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கானாடுகாத்தான் முகப்பில் நிற்கிற வண்டிக்கு வேண்டாம்.

ராத்திரியில் முழுக்க அணையாமல் மங்கலாக எரிந்தால் அழகாக இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். 87-லிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக விளக்குக்குக் கொடுத்தால் மங்கும், பழைய குண்டு பல்புக்கு. எல்.இ.டி. உள்ளே கரண்டைச் சீராக்கும் டிரைவர் இருந்தால் ரெசிஸ்டரை அது மதிக்காது. ஒன்று அப்படியே எரியும், இல்லை துடிக்கும். ரெசிஸ்டர் வேறு சூடேறி பக்கத்துப் பிளாஸ்டிக்கை உருக்கும். விளக்கு வாங்கும்போதே மங்கலுக்கென்று தனி வயர் வைத்ததாக வாங்கினால் 87-ஐ அதற்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அணைந்தே இருக்கட்டும். நல்ல டி.ஆர்.எல். ஒன்று நேர் முன்னால் குறைந்தது 400 கேண்டெலா, அதிகபட்சம் 1200 கேண்டெலா வெளிச்சம் தர வேண்டும் என்பது சர்வதேச விதி. கொளுத்தும் வெயிலில் கண்ணில் படுவதற்கான அளவு அது. அதையே இருட்டில் முழுதாக எரியவிட்டால் எதிரே சைக்கிளில் வருகிற பெரியவருக்குக் கண் கூசும்.

மாட்டும் வேலையில் இரண்டு மூன்று விஷயம் நம் ஊருக்கென்று உண்டு. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், அது எல்லா ஊருக்கும். பம்பருக்குள் மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர் தென்பட்டால் அது ஏர்பேக் சென்சாருடையது, அதோடு எதையும் கட்டாதீர்கள். நம் ஊருக்கு வந்தால், முதல் எதிரி எலி. ஆள் இல்லாத பெரிய வீட்டில் நிற்கிற வண்டியின் எஞ்சின் அறை அதற்கு மாளிகை. நெளிவுக் குழாய் ஸ்லீவுக்குள் எல்லா வயரையும் விட்டு, முனைகளைத் துணி டேப்பால் சுற்றி, ஏற்கெனவே போகிற கம்பெனி வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினால் தொங்கி ஆடாது. முழுக்கத் தடுக்க முடியாது, ஆனால் தனியாகத் தொங்குகிற வயர்தான் முதலில் பலியாகும்.

அடுத்து வெயில். சித்திரை வைகாசியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி வழிந்து, சுற்று தானாக அவிழும். உள்ளே செம்பு தெரியும், ஐப்பசி மழையில் பச்சை பூக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த, அரிப்பையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது, செக்ரி என்பார்கள். அந்த ஊரிலேயே நாம் வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றினால் எப்படி? கிரிம்ப் செய்து (இணைப்பு முனையை வயர் மேல் அழுத்திப் பிடிக்க வைத்து), மேலே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுட வைத்தால் வண்டி ஆயுசுக்கும் இருக்கும். கத்திபோல் வயரைக் கடித்துப் பிடிக்கிற நீல நிற கிளிப்பை மட்டும் பார்க் லைட் வயரில் போட்டுவிடாதீர்கள். சில இழைகளை வெட்டிவிடும், செம்மண் புழுதியும் ஈரமும் உள்ளே போய் ஒரு நாள் பார்க் லைட்டே எரியாது. எர்த்துக்கு வண்டியிலேயே இருக்கிற எர்த் போல்ட்டைப் பயன்படுத்துங்கள். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், வயர் அதற்கும் கீழே ஒரு வளைவாக இறங்கிவிட்டு மேலே ஏறட்டும். வயர் வழியாக வருகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இந்த வெயில் ஊரில் பகல் விளக்கு எதற்கு என்று உங்கள் அப்பச்சி கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான். இதை முதலில் கட்டாயமாக்கியவை பகலே மங்கலாக இருக்கிற வட ஐரோப்பிய நாடுகள். சுவீடனில் 1977-லேயே பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் வந்தது, ஐரோப்பிய யூனியனில் புது மாடல் கார்களுக்கு 2011 பிப்ரவரியிலிருந்து டி.ஆர்.எல். கட்டாயம். நம் நாட்டில் புது டூவீலர்களுக்கு 2017 ஏப்ரலிலிருந்து விளக்கு தானாக எரியும்படி செய்தார்கள், கார்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் புளியமரம் வரிசையாக நிற்கிற சாலையில் நடுப்பகலில் ஓட்டிப் பாருங்கள். வெயில், நிழல், வெயில், நிழல் என்று கண் பழகுவதற்குள் மாறிக்கொண்டே இருக்கும். நிழலுக்குள் வருகிற சாம்பல் நிறக் கார் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். அங்கே இரண்டு வெள்ளைப் புள்ளி இருந்தால் நான் முந்த மாட்டேன்.

ஒரு ஆபத்தும் சொல்ல வேண்டும். முன்னால் பளிச்சென்று எரிகிறதே என்று பொழுது சாய்ந்த பிறகும் ஸ்விட்சைத் தொடாமல் ஓட்டுகிறார்கள். டி.ஆர்.எல். எரியும்போது பின்னால் எதுவும் எரியாது. பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் இருட்டு. இதற்கு வயரிங்கில் மருந்து இல்லை, பழக்கம்தான்.

சட்டப்படி, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. முன்னால் வெள்ளை தவிர வேறு நிறம் வேண்டாம், சிவப்பும் நீலமும் மின்னுவதும் ஓடுவதும் கட்டாயம் வேண்டாம். வாரன்ட்டி பாக்கி இருந்தால் ஷோரூமில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வயரை வெட்டினது தெரிந்தால் எலக்ட்ரிகல் வாரன்ட்டியைக் கைவிட அவர்களுக்கு அது போதும். ஃபியூஸ் டேப்பும் கப்ளரும் வைத்துச் செய்வதில் இன்னொரு சௌகரியம், வேண்டாமென்றால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

எல்லாம் முடிந்த பின் சென்னைக்குக் கிளம்பும் முன்பு ஒரு சோதனை. கதவுகளைப் பூட்டி, பானெட்டை மட்டும் திறந்து வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் வரிசையில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டுங்கள். அந்த நிலையில் சாவியைப் போடவோ கதவைத் திறக்கவோ கூடாது, செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முதலில் ஒரு ஆம்பியர் இரண்டு ஆம்பியர் என்று காட்டும், பயப்படாதீர்கள், கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. போய்க் காபி குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கியிருந்தால் வயரிங் சுத்தம். 150, 200 என்று நின்றால் எங்கேயோ ஒரு ரிலே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், எதை எடுக்கும்போது "டிக்" என்று சத்தம் கேட்டு எண் சரிகிறதோ அங்கே இருக்கிறான் திருடன். ஆனால் 50 மில்லி ஆம்பியரே மாதம் 36 ஆம்பியர்-அவர் ஆகிவிடும். உங்களுக்கு இருபது நாள் என்றால் 24. அதனால் எண் எவ்வளவு நன்றாக வந்தாலும், சென்னைக்குக் கிளம்பும்போது நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டே போங்கள். 10 நம்பர் ஸ்பானர் ஒன்றை முகப்பு மாடத்தில் வைத்துவிட்டால், வந்து இறங்கியதும் தேட வேண்டியதில்லை.